கண்டக்டர்தான் கொலைகாரன்

விறைத்திருந்த முழங்கையை மெல்ல நீவி மடக்கி, மருமகள் சட்டைக் கையை மேலேற்றும்போதுதான் நாத்தனார் அதைப் பார்த்தாள். மாமனாரின் இடது மேல்கையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரத்தக்கட்டு.

"இது என்ன?"

மருமகள் குனிந்து பொத்தானைத் தேடினாள். அறையில் அவர்கள் இருவரும், கட்டிலில் கிடந்தவரும்தான். அவள் கணவன் மயானத்துக்கு வண்டி சொல்லப் போயிருந்தான். தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, விடியற்காலை மூன்று நான்கு மணி இருக்கும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய் இரண்டு மணி நேரமாகிறது. அதற்கு முன்பே மருமகளுக்குத் தெரியும். ஆறரைக்குக் காபியோடு வந்து எழுப்பியபோது, தாடையைத் தொட்ட விரல்களே சொல்லிவிட்டன. விறைப்பு முதலில் தாடையில்தான் தெரியும் என்று போன மாதம் படித்த வரி தானாக வந்து நின்றது. வெட்கப்பட்டுக் கையை எடுத்தாள். பிறகு மறுபடியும் வைத்து, கன்னத்தை ஒருமுறை வருடினாள்.

"கேக்குறேன்ல? அப்பா கையில என்ன இது?"

"அது அஞ்சாறு நாள் ஆனது, அண்ணி. ஓரமெல்லாம் மஞ்சளாயிருக்கு பாருங்க. புதுசுன்னா நீலமா இருக்கும்."

"பரீட்சைக்கா பதில் சொல்றே? எப்படிப் பட்டுச்சு?"

பகலில் அவரோடு வீட்டில் இருந்தது அவள் ஒருத்திதான். கதவில் இடித்துக்கொண்டார் என்று சொல்லிவிடலாம். யாரும் துருவிப் பார்க்கப் போவதில்லை.

"மாமா பொணமா படுத்திருந்தாரு," என்றாள்.

நாத்தனாரின் முகம் மாறியது.

சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. ஆய்வக வேலைக்குப் போக வேண்டுமென்று முப்பத்தெட்டு வயதில் அவள் தடயவியல் படிக்கக் கிளம்பியபோது, "அப்புறம் சோறு இறங்குமா உனக்கு?" என்று சொந்தத்தில் கேட்காத ஆளில்லை. மாமனார் மட்டும் தானே போய் விண்ணப்பம் வாங்கி வந்தார். குற்றம் நடந்த இடத்தை அளந்து படம் வரைவதுதான் அவளுக்குக் கைகூடவில்லை. தலை இந்தச் சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், அந்த மூலையிலிருந்து எத்தனை என்று எல்லாம் பொருந்த வேண்டும். தலையணையைக் கிடத்தி அளந்துகொண்டிருந்தவளைப் பார்த்து, "தள்ளு, நான் படுக்குறேன்," என்று கூடத்தில் படுத்துவிட்டார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். "இத்தனை காலம் உக்காந்தே வேலை பாத்தேன். படுத்துக்கிட்டுப் பாக்குற வேலை இப்பத்தான் கெடைச்சிருக்கு."

வாரத்துக்கு இரண்டு கொலை நடந்தது. போன வாரம் எழுந்திருக்கும்போது மேசை விளிம்பு இடித்துவிட்டது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். லேசாகப் பட்டாலே கன்றிவிடும்.

"நான் கை குடுத்திருக்கணும், அண்ணி. அளவை எழுதிக்கிட்டிருந்தேன்."

கடைசிப் பொத்தானை நாத்தனாரே போட்டாள். வெளியே யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அந்த நோட்டைக் கொண்டா."

கூடம், சமையலறை, மாடிப்படி. பக்கத்துக்குப் பக்கம் ஒரு மனிதர் விழுந்து கிடந்தார், சுற்றிலும் அம்புக்குறிகளும் எண்களுமாக. வயது எழுபத்தொன்று என்று மருமகள் எழுதியதையெல்லாம் அடித்து, அறுபது என்று மாமனார் திருத்தியிருந்தார். "சாகும்போதாவது கொஞ்சம் இளமையா சாகுறேனே," என்றாராம். ஒவ்வொரு படத்தின் அடியிலும் அவருடைய சாய்ந்த எழுத்து.

'கொலைகாரன்: கண்டக்டர். காரணம்: டிபன் டப்பாவை நான் ஒளித்து வைத்தது.'

'கொலைகாரன்: கண்டக்டர். காரணம்: பாட்டை நிறுத்தச் சொன்னது.'

'கொலைகாரன்: கண்டக்டர். காரணம்: அவனுக்குக் காரணமே வேண்டாம்.'

நாத்தனாரின் உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று மருமகள் நினைத்தாள்.

அந்த நேரம் பார்த்து, "என்னை விட்டுட்டு எங்கடா கிளம்பிட்டே?" என்றபடி கண்டக்டர் உள்ளே வந்தார். இருபத்திரண்டு வருஷம் மாமனாரோடு ஒரே வண்டியில் போனவர். கக்கத்தில் குடை, அழுது சிவந்த மூக்கு. நாத்தனார் அவரைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியும் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அவளைப் பார்த்து மருமகளுக்கும் தொற்றிக்கொண்டது.

"என்னம்மா?" என்று திகைத்தார் அவர்.

நாத்தனார் நோட்டை நீட்டினாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகப் படித்தார்.

"திருட்டுப் பய," என்றார். "டப்பாவை ஒளிச்சது இவன்தான்னு நான் அப்பவே சொன்னேன். சத்தியம் பண்ணி மறுத்தான். இப்பவாவது ஒத்துக்கிட்டானே." கட்டிலருகே உட்கார்ந்து நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பரீட்சை என்னிக்கு?"

"திங்கக்கிழமை. நான் போகலை, அண்ணி. அடுத்த வருஷம் எழுதிக்கறேன்."

"போய் எழுது. அப்பா இத்தனை தடவை செத்தது வீணாப் போயிடக் கூடாது."

இரண்டு மணிக்கு வண்டி வந்தது. மகனும் பக்கத்து வீட்டுக்காரர்களும் தூக்கி ஏற்றினார்கள். மகன் முன்னால் போய் டிரைவரோடு உட்கார்ந்தான். கண்டக்டர் கடைசியாக ஏறி, நண்பரின் அருகில் இடம் பிடித்து, கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு, பழக்கத்தில், உள்ளேயிருந்து தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

வண்டி நகர்ந்தது.