ஒட்டுக்குக் கீழே

விடியும்போதே பாத்திக்குள் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பட்டை கத்திக்குப் பிரியாது. மார்கழிப் பனியில் கன்றுப் பைகளெல்லாம் நனைந்து கிடக்கும். ஒவ்வொரு பையிலும் பென்சில் தடிமனில் ஓர் எலுமிச்சைக் கன்று. அதன் முள்ளைச் சீவி, அடித்தண்டை ஈரத்துணியால் துடைத்து, குந்தியபடியே அடுத்த பைக்கு நகர்வோம். பத்து மணிக்குள் முட்டி இரண்டும் மரத்துப்போகும். முள் குத்திய இடத்தில் இலைச்சாறு பட்டால் நகக்கண் வரைக்கும் எரியும்.

ஓடைப்பட்டிப் பக்கம் இருக்கிற அந்தப் பண்ணையில் நாங்கள் பத்தொன்பது பெண்கள். சாத்துக்குடியும் கமலா ஆரஞ்சும் ஒட்டுக்கட்டி விற்கிற பண்ணை. ஆரஞ்சை அப்படியே விதை போட்டு வளர்த்தால் காய்க்கப் பல வருஷம் ஆகும். அதனால் ரங்கபுரி என்கிற ஒரு வகை எலுமிச்சையை அடிக்கன்றாக வளர்ப்போம். எந்த மண்ணையும் தாங்குகிற வேர் அதற்கு. அதன் பட்டையைக் கீறி, ஆரஞ்சுக் குச்சியிலிருந்து சீவிய ஒரு கண்ணை உள்ளே செருகி, பாலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டுவோம். மூன்று வாரம் கழித்துப் பிரித்தால் கண் பச்சையாக இருக்க வேண்டும். கறுத்திருந்தால் ஒட்டு போய்விட்டது. ஒட்டுக்கு மேலே ஆரஞ்சு, கீழே எலுமிச்சை. வாங்குகிறவர்கள் மேலே இருப்பதைத்தான் பார்ப்பார்கள்.

கட்டுவதில் சந்தனம்மாள் அத்தையை மிஞ்ச ஆளில்லை. கண்ணைச் செருகும்போது மூச்சை அடக்கிக்கொள்வாள். நூறு கட்டினால் நாலு கூடக் கருகாது. கைராசிக்காரி என்பார்கள். அவள் புருஷன் மலைச்சாமி ஏலத்தோட்டத்து ஜீப் கவிழ்ந்து செத்துப்போனவர். அதற்குப் பிறகு கல்யாணம், சடங்கு எதற்கும் ஊர் அவளை முன்னால் நிற்கவிடவில்லை. ஆனால் அவரைக்காய் விதை ஊன்றவும் முருங்கைக் கொம்பு நடவும் மட்டும் வீட்டுக்கு வீடு அவளைத்தான் கூப்பிட்டார்கள். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவள் தெருவில் நிமிர்ந்து நடந்தாள்.

அன்று காலை கோம்பையிலிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அங்கே தோட்டம் வைத்திருக்கிற அம்மாவாசி என்ற சம்சாரி இறங்கி, வேரோடு பிடுங்கிய ஒரு மரத்தை இழுத்துக் களத்தில் போட்டார்.

"மொதலாளி எங்கன? மூணு வருசத்துக்கு முன்னால முன்னூறு கன்னு ஒங்ககிட்டதேன் வாங்குனேன். பாதிக்கு மேல போச்சு. தண்டெல்லாம் பிசினா வடியுது. இந்த மரத்தைக் கலெக்டர் ஆபீசுல கொண்டு போட்டுட்டு அங்கனயே உக்காரப் போறேன்."

முதலாளி ஞானசிகாமணி பதற்றப்படவில்லை. செருப்புக் காலால் மரத்தைப் புரட்டி ஒட்டைக் காட்டினார்.

"ஒட்டைப் பாருங்கண்ணே. கட்டுனவ சரியாக் கட்டல. சந்தனம், இங்கன வா. இது ஓங்கட்டா?"

அத்தை குனிந்து வடுவைத் தடவிப் பார்த்தாள். தன் வேலையை அவளுக்குத் தெரியாதா?

"ஆமாங்க மொதலாளி. ஏங்கட்டுதேன்."

"கேட்டீகளா? கைராசி, கைராசின்னு இவளுகளாச் சொல்லித் திரியிறாளுக. தாலியே நிக்காத கையி. அதுல கன்னு நிக்குமா?"

எல்லோரும் அவர் காட்டிய ஒட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். நான் மட்டும் அதற்குக் கீழே பார்த்தேன். ஒட்டுக்குக் கீழே வேர்ப்பக்கத்திலிருந்து ஒரு துளிர் கிளம்பியிருந்தது. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தேன். ஊறுகாய்க்குப் போடுகிற சாதா எலுமிச்சை வாசம். இலையைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன்.

அம்மாவாசி மரத்தை அங்கேயே போட்டுவிட்டு, "பத்து நாள் பாப்பேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

அத்தையைக் கத்தியைத் தொடவிடாமல் பைக்கு மண் நிரப்பப் போட்டார்கள். முதலில் நாங்கள் அவளுக்காக வருத்தப்பட்டோம். பிறகு பயந்தோம். அவள் தூக்கிவந்த குச்சிக்கட்டை ஒருத்தி ஓரமாக ஒதுக்கி வைத்தாள். நாளைக்குக் கண் கருகினால் யார் பதில் சொல்வது? சாப்பாட்டு நேரத்தில் பாஜிலாக்கா கூடத் தன் தூக்குச்சட்டியை ஒரு முழம் தள்ளி வைத்தாள். எதற்கும் பயப்படாமல் முதலாளியிடம் பேசுகிறவள் அவள் ஒருத்திதான். அவளே தள்ளி வைத்ததைப் பார்த்து அத்தை சோற்றை மூடிவிட்டாள்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அவள் ஊன்றிய அவரை அப்போதுதான் இரண்டிலை விட்டிருந்தது. அந்த வீட்டுக்காரி அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு விதை ஊன்றிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த அத்தை அதைப் பார்த்தாள். தெருவோரமாக ஒதுங்கி நடந்துபோனாள்.

மறுநாள் மண்குவியலுக்குப் பக்கத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "கயலு, மலைச்சாமிக்கு அன்னிக்குச் சோறு கட்டிக் குடுத்ததும் இந்தக் கைதேன் ஆத்தா. இப்ப அந்தக் கோம்பை அண்ணன் தோட்டமும் போச்சு. மொதலாளி சொல்றது நெசமாத்தேன் இருக்கும்போல."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்பா தென்னையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தார். ஒன்பதாம் வகுப்போடு நின்று இந்தப் பண்ணைக்கு வந்தேன். அந்த வருஷம் ரங்கபுரி விதை வரவில்லை. ஊறுகாய்க் கம்பெனியில் பிழிந்துபோட்ட எலுமிச்சைச் சக்கை மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. அதிலிருந்து விதையைப் பிரித்துச் சாம்பல் போட்டுக் கழுவிப் பாத்தியில் போட்டோம். எல்லோருக்கும் அது ஏதோ விதை. முதலாளி என்னிடம் கன்றுகளில் கட்டுகிற பெயர்ச்சீட்டுகளை ஒரு கட்டாகக் கொடுத்து, "ஒனக்குக் கையெழுத்து நல்லாருக்கு. எல்லாத்துலயும் ரங்கபுரின்னு எழுது" என்றார். பள்ளிக்கூடம் விட்டபிறகு என் எழுத்தை ஒருத்தர் பாராட்டியது அதுதான் முதல்தடவை. சந்தோஷமாக எழுதினேன். அந்தச் சாதா எலுமிச்சை வேர், மழைத்தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்பதை வேலையோடு வேலையாகப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்தபிறகும் சொல்லவில்லை. நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்குப் பயம். அதோடு, வேலை போய்விட்டால் அப்பாவுக்கு மருந்து?

அம்மாவாசி சொன்ன கெடுவுக்கு முந்தின நாள் மத்தியானம், முதலாளி ஒரு வெள்ளைத்தாளோடு கொட்டகைக்கு வந்தார்.

"கயலு, எழுது. 'சந்தனம்மாள் ஆகிய நான், என் கைத்தவறால் ஒட்டுகள் பழுதானதை ஒப்புக்கொள்கிறேன். பண்ணை இதற்குப் பொறுப்பல்ல.' சந்தனம், அடியில கைநாட்டு வச்சிட்டுப் போயிரு. நாளையிலருந்து வேலைக்கு வர வேணாம்."

அத்தை கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். கன்றுத்தண்டைத் துடைப்பது போல நன்றாக, இரண்டு தடவை துடைத்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

'சந்தனம்மாள் ஆகிய நான்' வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்தினேன்.

"என்ன, எழுத்து மறந்துபோச்சா?"

"வெதை," என்றேன்.

"என்னது? சத்தமாச் சொல்லு."

"வெதை ரங்கபுரி இல்ல. ஊறுகா கம்பெனிச் சக்கையில வந்தது. சீட்டு நாந்தேன் எழுதுனேன்."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. பாஜிலாக்கா கத்தியோடு எழுந்து வந்தாள்.

"எந்த வெதைடி? புளிச்ச வாடை அடிக்குதுன்னு மூக்கைப் பொத்திக்கிட்டுக் கழுவுனமே, அதா?"

"அதேன்க்கா."

அவள் நேராகக் களத்தில் கிடந்த அம்மாவாசியின் மரத்திடம் போய் அதைப் புரட்டினாள். ஒட்டுக்கு மேலே பட்டை சுத்தமாக இருந்தது. கீழேதான் வெடித்துப் பிசின் காய்ந்திருந்தது.

"எல்லாரும் இங்கன வந்து பாருங்கடி. மொதலாளி, கட்டுனது குத்தம்னா கண்ணு மூணு வாரத்துல கறுத்திருக்கும். மூணு வருசம் நின்ன மரத்துல இவ கை எங்குட்டுய்யா வந்துச்சு?"

"ஏய், நீ எந்த விவசாயக் காலேசுல படிச்ச?"

"காலேசுல படிச்சவுகளுக்கு முட்டி தேயாதுங்க. எனக்குத் தேஞ்சிருக்கு."

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். முதலாளியின் முகம் சிவந்தது.

"வேலை வேணுங்கிறவ பாத்திக்குப் போ. மத்தவ கெளம்பு. நாளைக்கு எவளும் உள்ள வர முடியாது, கேட்டைப் பூட்டிருவேன்."

பாஜிலாக்கா கத்தியைத் துடைத்து மேசைமேல் வைத்தாள். "பூட்டுங்க. சீவுன குச்சி ஈரச்சாக்குல கெடக்கு. ரெண்டு நாள் தாங்கும். அதுக்குள்ள வேற கையாப் பாத்துக்கங்க."

அவள் கத்திக்குப் பக்கத்தில் இன்னொரு கத்தி வந்தது. பிறகு வரிசையாக. எனக்குக் கத்தி கிடையாது, பேனாவை வைத்தேன்.

வழியில் அத்தை பின்னாலேயே வந்தாள். "வேணாம் பாஜிலா. எனக்காக ஒங்க எல்லாரு சோத்துலயும் மண்ணு விழ வேணாம். நான் கைநாட்டு வச்சிர்றேன்."

"ஒனக்காக மட்டும்னு யாரு மதினி சொன்னா? அதே வெதையில வந்த கன்னு இன்னும் எத்தன தோட்டத்துல நிக்குதோ. நாளைக்கு ஒருத்தரு மரத்தைத் தூக்கிட்டு வருவாக. அப்ப மொதலாளி ஏங்கையக் காட்டுவாரு. அடுத்து இவ கைய."

அன்று சாயங்காலமே அம்மாவாசிக்குப் போன் போட்டு, விதை விஷயத்தை நானே சொன்னேன். "காலையில வாரேன் தாயி" என்றார்.

மறுநாள் இருட்டுப் பிரியும்போது கேட் முன்னால் உட்கார்ந்துவிட்டோம். கேட்டில் புதுப்பூட்டு தொங்கியது. வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள் பாதிப் பேர். இந்த வாரம் அடுப்பு எப்படி எரியும் என்று யாருக்கும் தெரியவில்லை. பதினெட்டுப் பேர் இருந்தோம். கடைசியாக அத்தை வந்தாள். கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு, தள்ளிப்போய் ஒரு கல்மேல் உட்கார்ந்தாள்.

பாஜிலாக்கா எழுந்துபோய் அவள் முன்னால் குந்தி உள்ளங்கையை நீட்டினாள். முந்தின நாள் ஏறிய முள், சுற்றிலும் வீங்கியிருந்தது.

"மதினி, இதை எடுத்து விடு."

"கயலை எடுக்கச் சொல்லு. சின்னக் கண்ணு, நல்லாத் தெரியும்."

"நான் ஒன்னையத்தான கேக்குறேன்."

"ஏங்கையாலயா?"

"கேட்டுக்கிட்டே இரு, சீழ் வைக்கட்டும்."

அத்தை கையை வெளியே எடுத்தாள். ரவிக்கையிலிருந்து ஊக்கைக் கழற்றித் துடைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு தோலைக் கிளறினாள். முள் வந்தது, பின்னாலேயே ஒரு சொட்டு ரத்தம். பாஜிலாக்கா கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அன்னிக்குத் தூக்குச்சட்டியத் தள்ளி வச்சேன்ல மதினி..."

"பாத்தேன்."

குச்சிக்கட்டை ஒதுக்கி வைத்தவள் எழுந்து வந்து, "எனக்கும் ஒண்ணு குத்தியிருக்கு" என்று விரலை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. முள் இல்லாதவளும் வந்து நின்றாள் என்று நினைக்கிறேன்.

கோம்பை வண்டி இன்னும் வரவில்லை. கேட் திறக்கவில்லை. அத்தை ஒவ்வொரு கையாக வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.