மூடியைத் திறந்தவர்கள்

சனிக்கிழமை சாயங்காலம் அந்த முன்னறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஜன்னலோரச் சாய்வு நாற்காலியில் மாமனார். அது அவருடைய இடம், அவர் வெளியே போயிருந்தாலும் அதில் யாரும் உட்காருவதில்லை. நீள சோபாவின் ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் அத்தான், நடுவில் அக்காவின் கைப்பை. வாசலை ஒட்டிப் போட்ட முக்காலியில், இதோ கிளம்பிவிடுவேன் என்கிற பாவனையில் கீழ்வீட்டுத் தையல்காரர். அவர் அப்படி உட்கார்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் காகிதத் தட்டுகளையும் பல்குச்சிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, விருந்துக்குக் காரணமானவள், மாமனாரின் மகள். அவளுடைய கணவனுக்கும், அதாவது அக்காவின் தம்பிக்கும், ஒரு நாற்காலி இருந்தது. உட்கார்ந்தால் தூங்கிப்போவோம் என்று அவன் சமையலறை நிலையில் தோளைச் சாய்த்து நின்றான்.

குடும்பத்தில் அவனுக்கு ஆந்தை என்று பெயர். குளிர்பதனக் கிடங்கில் ஒன்பது வருஷமாக ராத்திரி வேலை. இயந்திரங்கள் ஓடுகின்றனவா, அறைகளில் குளிர் நிற்கிறதா என்று விடிய விடியப் பார்த்துவிட்டு, ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வீட்டுக்கு வருவான். ஆகவே பகலெல்லாம் வீட்டில் இருந்தான். பகலெல்லாம் வீட்டில் இருப்பவன் சும்மா இருப்பவன் என்று அந்தக் குடும்பம் எப்போது முடிவு கட்டியது என்பது யாருக்கும் நினைவில்லை.

அன்று காலை வேலை முடிந்து கிளம்பும்போது கண்காணிப்பாளர் கூப்பிட்டார்.

"சரக்கு இறக்குற மேடைல பகல் ஆள் ஒருத்தர் போறார். அந்த இடம் வேணும்னா கைப்பட எழுதி அனுப்பு. திங்கட்கிழமை தலைமை ஆபீஸ்ல இருக்கணும். போன்ல சொன்னா அவங்க காதுல ஏறாது. இன்னைக்குச் சாயங்காலத் தபாலை விட்டா அவ்வளவுதான்."

மேடையில் உட்கார நாற்காலி கிடையாது. மழையானாலும் வெயிலானாலும் நின்றுகொண்டே பெட்டிகளைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் இருட்டினால் வீட்டுக்குப் போகலாம். இருட்டினால் படுக்கலாம்.

அவன் வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் அந்த வாரம்தான் அவளைத் தலைமை எழுத்தராக்கியிருந்தார்கள். அதற்குத்தான் சாயங்காலம் வீட்டில் சின்ன விருந்து. அவளுடைய மேலாளர் அம்மாவும் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மூன்று பேரும் வருவதாக இருந்தது. அவன் விஷயத்தைச் சொன்னான்.

"இன்னைக்கேவா?" என்றாள். "நான் இனிமே சாயங்காலம் லேட்டாத்தான் வருவேன். அப்பாவை யார் பார்த்துக்கறது? சரி, சாயங்காலம் எல்லாரும் இருப்பாங்க, அப்ப பேசலாம். சாசேஜ் மறந்துடாதீங்க. மூடியை மட்டும் திறக்காதீங்க."

மேலாளர் அம்மா வீட்டில் ஒரு தடவை அந்தக் குட்டி சாசேஜைத் தின்றுவிட்டு, எங்க வீட்டுலயும் பண்ணுவோம் என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். அதற்காகவே ஒரு ஸ்லோ குக்கர் வாங்கினார்கள். மெதுவாகச் சூடேறும் மின்சாரப் பானை. போட்டுவிட்டுப் படுத்துவிடலாம், பக்கத்தில் நிற்க வேண்டாம். அதில் அவனுக்குப் பிடித்ததே அதுதான். சுண்டுவிரல் அளவு இறைச்சி சாசேஜ் இரண்டு பொட்டலம், ஒரு பாட்டில் தக்காளி சாஸ், அரைப் பாட்டில் திராட்சை ஜாம், ஒரு கரண்டி கடுகு விழுது, கொஞ்சம் வினிகர். எல்லாவற்றையும் கொட்டி, ஒரு புரட்டுப் புரட்டி, கண்ணாடி மூடியைப் போட்டு, குறைந்த சூட்டில் வைத்தான். மூடியைத் திறந்தால் போன சூடு திரும்ப அரை மணி நேரம் ஆகும் என்று அட்டைப்பெட்டியிலேயே அச்சடித்திருந்தது. அது அவனுக்குப் புதிதில்லை. கிடங்கில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு பேசுகிறவனை அவனே எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறான்.

படுத்தான். கண் செருகும் நேரத்தில் கதவு கிறீச்சிட்டது.

"மாப்பிள்ளை, தூங்கறீங்களா?"

"இல்ல மாமா."

"தூங்கினா எழுப்ப வேணாமேன்னுதான் கேட்டேன். கண்ணுக்கு மருந்து விடணும். நானே விட்டா கன்னத்துல ஓடுது."

மருந்து விட்டுவிட்டு வந்து படுத்தான். சமையலறையில் கண்ணாடி மூடி சிணுங்கும் சத்தம் கேட்டது. எழுந்து போய்ச் சொல்லத் தெம்பில்லை. அடுத்தது அழைப்பு மணி. தையல்காரருக்கு வந்த பொத்தான் பார்சலை முந்தின நாள் இவன்தான் வாங்கி வைத்திருந்தான்.

"அடடா, படுத்திருந்தீங்களா? நீங்க உட்காருங்க, உட்காருங்க," என்று இவன் வீட்டிலேயே இவனை உட்காரச் சொல்லிவிட்டு, வாசனை பிடித்துக்கொண்டே உள்ளே போய் மூடியைத் தூக்கி ஒரு கிளறு கிளறிவிட்டுத்தான் தையல்காரர் கீழே இறங்கினார்.

பிறகு போன். மனைவி.

"பானை எப்படி இருக்கு? ஒரு தடவை திறந்து பாருங்களேன்."

"நீதானே திறக்காதேன்ன."

"மனசு கேக்கலைங்க. அந்த அம்மா முன்னாடி மானம் போயிடக் கூடாது."

திறந்து பார்த்தான். நன்றாக இருக்கிறது என்றான். மதியத்துக்கு மேல் மறுபடி போன், மறுபடி திறந்தான். அதன் பிறகு அக்காவும் அத்தானும் உதவி செய்கிறோம் என்று மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள். அக்காவுக்குக் குழம்பு கெட்டியாகப் பட்டது, தண்ணீர் விட்டாள். பிறகு தண்ணியாகப் பட்டது, ஜாம் போட்டாள். அதன் பிறகு இனிப்பாகப் பட்டது, மிளகாய்த்தூள் போட்டாள். அத்தான் ஒவ்வொரு கட்டத்திலும் ருசி பார்த்தார். படுக்கையறைக் கதவையும் ஆளுக்கொரு தடவை திறந்து, பாவம் தூங்குகிறான் என்று உரக்கச் சொல்லிவிட்டு மூடினார்கள்.

இப்படியாகத்தான் சாயங்காலம் வந்து சேர்ந்தது. தெருமுனைத் தபால்பெட்டியைத் திறக்க ஆள் வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. அவன் உடம்பு அடித்துப்போட்டாற்போல் இருந்தது. மேஜையில் வெள்ளைத்தாள் ஒன்று பல்குச்சிப் பெட்டிக்கு அடியில் அப்படியே கிடந்தது.

"விஷயம் கேள்விப்பட்டேன் தம்பி," என்று அக்கா தொடங்கினாள். "நல்ல விஷயம்தான். ஆனா பிள்ளைங்களை ஸ்கூல்லேர்ந்து யார் கூட்டிட்டு வர்றது? உன்னை விட்டா எனக்கு யார் இருக்கா?"

"பகல் வேலைன்னா சும்மா இல்ல மச்சான்," என்றார் அத்தான். "காலைல எந்திரிக்கணும், பஸ்ல தொங்கணும். நாங்க படற பாடு உனக்குத் தெரியாது. ராத்திரின்னா ராஜா மாதிரி. கேக்க ஆளில்ல."

"தூங்கவும் நேரமில்ல அத்தான்."

"அதான் பகல் பூரா கிடக்கே."

தையல்காரர் தொண்டையைச் செருமினார். "என் விஷயம் பெரிசில்ல. பார்சல்காரன் மணியடிச்சா எனக்கு மிஷின் சத்தத்துல கேக்கறதில்ல. அதுக்காக நீங்க யோசிக்க வேணாம்." சற்று நிறுத்தினார். "ஆனா கேக்கறதில்ல."

மாமனார் ஜன்னலைப் பார்த்தபடியே, "எனக்கென்ன, நான் எப்படியாவது விட்டுக்குவேன். கன்னத்துல ஓடினா ஓடிட்டுப் போகுது," என்றார்.

அவன் சண்டை போடவும் கொஞ்சம் தூங்கியிருக்க வேண்டும். இந்தச் சாயங்காலம் இப்படியே கழியும், தபால்காரர் வந்து போய்விடுவார், திங்கட்கிழமை அந்த இடம் வேறொருவனுக்குப் போகும், தான் யாரிடமும் முடியாது என்று சொன்னதாகக்கூட ஆகாது என்று அவனுக்குத் தோன்றியது. அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதிதான் அவனைப் பயமுறுத்தியது.

மனைவி சமையலறைக்குள் போனாள். பிறகு பல்குச்சியில் ஒரு சாசேஜைக் குத்தி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இது காலைல வச்சதுதானே? குழந்தையைக் குளிப்பாட்டுற தண்ணி மாதிரி வெதுவெதுன்னு இருக்கு. யார் மூடியைத் திறந்தது?"

தையல்காரர் முக்காலியை இன்னும் கொஞ்சம் வாசல் பக்கம் நகர்த்தினார்.

"நான் திறக்கலம்மா," என்றார் மாமனார். "தூக்கிப் பார்த்தேன்."

"நான் ஒரு கிளறு. அதுவும் அடி பிடிச்சுடக் கூடாதேன்னு," என்றார் தையல்காரர்.

"இவர்தான் நொடிக்கொரு தரம் போய்ட்டு வந்தார்," என்று அக்கா அத்தானைக் காட்டினாள்.

"நீ போட்டதை எல்லாம் யார் ருசி பார்க்கறது? ஊர்க்காரங்களைக் கொல்லச் சொல்றியா?"

"நான் உதவி செய்ய வந்தேன். நீங்க தின்ன வந்தீங்க."

மனைவி சிரிக்கவில்லை. கணவனைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லியிருக்கலாமே, திறக்காதீங்கன்னு."

"படுத்திருந்தேன்."

"இவங்க எல்லாம் வந்தப்பவா?"

"ஆமா."

"தூங்கினீங்களா?"

"மருந்து விட்டேன். பார்சல் குடுத்தேன்." அவன் கணக்குச் சொல்லும் தோரணையில் சொல்லவில்லை, கேட்டாள், சொன்னான். "அப்புறம் நீ போன் பண்ணின."

அவள் கையிலிருந்த சாசேஜைத் தட்டில் வைத்தாள். அந்தச் சிறிய சாசேஜ் தட்டில் உருண்டு ஓரத்தில் போய் நின்றது.

"ரெண்டு தடவை," என்றாள். "ரெண்டு தடவை எழுப்பி, நானே திறக்கச் சொன்னேன்."

அக்கா, "போகட்டும் விடு, வாணலில போட்டுச் சூடு பண்ணிக்கலாம்," என்றாள்.

"பண்ணிக்கலாம் அண்ணி." அவள் பல்குச்சிப் பெட்டியை நகர்த்தி அடியிலிருந்த தாளை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். "உட்காருங்க. எழுதுங்க."

"உங்கப்பா?"

"எங்கப்பாவுக்கு நான் காலைல கிளம்பறப்ப விடுறேன். மறுபடி ராத்திரி. நடுவுல விடணும்னா டாக்டரைக் கேக்கலாம்."

"என் பிள்ளைங்க?" என்றாள் அக்கா.

"இன்னைக்கு எங்க விட்டுட்டு வந்தீங்க?"

"இவர் தங்கச்சி வீட்டுல."

"அங்கதான்."

அத்தான் வாயைத் திறந்தார். அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். தன் தங்கையிடம் தினமும் கெஞ்சப் போகிறவர் யார் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"உன் மானத்துக்காகச் சொல்றியா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான். "எல்லாரும் பார்க்கறாங்கன்னு?"

"இல்ல, கோபத்துல சொல்றேன். என் மேலதான். வீட்டு வேலை இனிமே தலைக்கு மேல வரும், ஏன் சொன்னோம்னு நாளைக்கு உங்களையே திட்டுவேன். அதுக்குள்ள எழுதிடுங்க."

அவன் உட்கார்ந்தான். எழுத்துகள் சற்று மிதந்தன. பெயர், பணி எண், கிடங்கு எழுதினான். அவள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"'வாய்ப்பிருந்தால்'னு போடாதீங்க. வாய்ப்பிருந்தால்னு வர்ற கடிதம் எல்லாம் எங்க ஆபீஸ்ல கட்டுக்கு அடியில போயிடும். நானே போட்டிருக்கேன்."

"வேற எப்படி எழுதறது?"

"'இந்தப் பணியிடத்தை ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.' அவ்வளவுதான். கீழ கையெழுத்து."

வேறொரு தாளில் சுத்தமாக எழுதினான். மாமனார் எழுந்து வந்து, கண் சரியாகத் தெரியாவிட்டாலும், தாளைக் கையில் வாங்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "எழுத்து நல்லா இருக்கு மாப்பிள்ளை," என்று திருப்பிக் கொடுத்தார். நாற்காலிக்குத் திரும்பும்போது வழியைத் தடவிக்கொண்டு போனார். அவன் அதைப் பார்த்தான். பார்த்தபின்னும் தாளை மடித்தான்.

அழைப்பு மணி அடித்தது. மேலாளர் அம்மாவும் மூன்று பேரும். வாழ்த்துகளும் பூங்கொத்தும் வாசலிலேயே கைமாறின. மேலாளர் அம்மா மூக்கை உயர்த்தி, "பண்ணிட்டீங்க போலிருக்கே," என்று நேரே சமையலறைக்குள் நடந்தார். யாரும் தடுக்குமுன் கண்ணாடி மூடியைத் தூக்கிவிட்டார். ஐந்து பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். தையல்காரருக்கு மட்டும் இருமல் வந்தது.

"நல்லா வந்திருக்கு," என்றார் மேலாளர் அம்மா. "இன்னும் கொஞ்சம் சூடு ஏறணும்."

"ஏறிடும்," என்றாள் மனைவி. பெரிய வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தாள். பானையைத் தூக்கி அதில் கவிழ்த்தாள். தன் கைப்பையிலிருந்து உறையும் தபால்தலையும் எடுத்து அவனிடம் நீட்டினாள். "நீங்க கிளம்புங்க. வந்தவங்களை நான் பார்த்துக்கறேன்."

முகவரி எழுதினான். தபால்தலையை ஒட்டினான். தாளை உள்ளே வைத்து, உறையின் ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டியபோது அவள் விரலிலிருந்து உறையில் பட்டிருந்த சாஸ் இனிப்பும் காரமுமாக நாக்கில் பட்டது. உள்ளங்கையால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்தான். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினான்.

தெருமுனையில் தபால்காரர் ஏற்கெனவே பெட்டியைத் திறந்து, கடிதங்களைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தார்.

"இதையும் சேர்த்துக்குங்க."

"பெட்டியில போடுங்க சார். கையில வாங்கக் கூடாது."

"பெட்டிதான் திறந்திருக்கே."

"மேல வாய் இருக்குல்ல. அதுல போடுங்க. நான் கீழ எடுத்துக்கறேன்."

அவன் உறையை மேலே வாயில் நுழைத்து விட்டான். அது கீழே விழுந்தது. தபால்காரர் குனிந்து எடுத்து, மற்றவற்றோடு பையில் போட்டு, பையின் வாயைக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, வண்டியில் எறிந்தார்.