முதல் கூடை விழும்வரை

மார்லா குச்சியில் சுற்றிய பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தபோது, டெல்மர் தன் கதையில் மின்சாரம் போன ஆட்டத்துக்கு வந்திருந்தார்.

"அரங்கமே கும்மிருட்டு. வெளியில முழங்கால் வரைக்கும் பனி. எதிர் டீம், அந்த ரிட்ஜ்வே கோச், மூட்டையைக் கட்டிட்டு ஊருக்குக் கிளம்பலாம்னு பாக்கறான். நம்ம ஆளுங்க விடுவாங்களா? கதவையெல்லாம் திறந்துவிட்டு அஞ்சு டிராக்டரை வாசல்ல நிறுத்தி விளக்கைப் போட்டாங்க பாரு..."

"ரெண்டு டிராக்டர்," என்றார் ஹோபர்ட். "இன்னொண்ணு பால் வண்டி."

"பால் வண்டியா? நீ எங்கடா பாத்தே? நீதான் இருட்டுல கக்கூஸ்ல மாட்டிக்கிட்டு கத்திக்கிட்டு இருந்தியே."

கட்டிலில் கிடந்த அவள் அப்பா வெர்லின் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. மார்லா அவர் தலையைத் தாங்கிப் பிடித்தாள். நுரையீரல் இரண்டும் கைவிட்டுவிட்டன. இன்றோ நாளையோ என்று நர்ஸ் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

டெல்மர் தீவனக் கடை வைத்திருந்தவர். ஹோபர்ட் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கால்டர் கல்லூரி அரங்கில் ஒரே பெஞ்சில், அப்பாவுக்கு இடப்பக்கம் ஒருவரும் வலப்பக்கம் ஒருவருமாக, இத்தனை குளிர்காலமும் உட்கார்ந்தவர்கள். கல்லூரியின் கூடைப்பந்து அணி இப்போது எல்லோரிடமும் தோற்கிற அணி. அதனால் என்ன, எழுபத்தெட்டாம் வருஷம் என்று ஒன்று இருந்ததே. சோளக்காட்டுக்கு நடுவே கிடக்கும் எங்கள் ஊரைத் தேசம் முழுக்கத் திரும்பிப் பார்க்க வைத்த வருஷம். முடிவெட்டும் கடையிலும் தேவாலய வாசலிலும் யாராவது ஒருவர் ஆரம்பித்தால் போதும், ஆட்டம் ஆட்டமாக வரிசை மாறாமல் வந்து விழும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஜெபத்துக்கு முன்னால் கற்றுக்கொள்வது அதைத்தான்.

அந்த அணியில் ஆடியவர் வெர்லின் ப்ரூயெட். அப்போது அவருக்கு இருபது வயது.

"அப்புறம் அரையிறுதி," என்றார் டெல்மர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "கான்சாஸ் சிட்டி. விடிய விடிய பஸ் பின்னாலயே வண்டி ஓட்டிக்கிட்டுப் போனோம். அந்த மூலையில நின்னு நீ போட்டே பாரு வெர்லின், ஒண்ணா ரெண்டா? அவனுங்க உயரமான பையன் ஒருத்தன் இருந்தானே, அவன் உன்னையே பாத்துக்கிட்டு நின்னான், கைய தூக்கக்கூட மறந்துட்டான்."

"சிவப்புக் காலுறை போட்டவன்," என்றார் ஹோபர்ட்.

"ஒரு காலுக்குச் சிவப்பு. இன்னொரு காலுக்கு வெள்ளை. அன்னிக்கு ஜெயிச்சோம். இறுதி ஆட்டத்துக்குப் போனோம்." டெல்மர் இரண்டு கையாலும் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி. மார்லா, காபி இருக்காம்மா?"

அங்கேதான் முடியும். எப்போதும் அங்கேதான் முடியும். முழங்காலைத் தட்டுவார்கள், சரி என்பார்கள், காபி கேட்பார்கள். இறுதி ஆட்டத்தை வெர்லின் இருக்கும் இடத்தில் யாரும் சொன்னதில்லை. இல்லாத இடத்திலும் அவர் மகள் காதில் விழும்படி சொன்னதில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு பெண், "கடைசியில விட்டது உங்கப்பாதானே?" என்று கேட்டதும் டீச்சர் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தியது மார்லாவுக்கு நினைவிருக்கிறது. கேட்டவளைவிடப் பொத்தியவளைக் கண்டுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அவள் காபி எடுக்க எழுந்தாள். அப்போது அப்பா பேசினார்.

"பிறகு?"

குரல் காற்றாகத்தான் வந்தது. ஆனால் மூவருக்கும் கேட்டது.

டெல்மர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஹோபர்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே கார் நிறுத்தும் கொட்டகையின் சுவர். அதில் நான்கு ஓட்டைகள். அம்மாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, முந்தைய சொந்தக்காரர் மாட்டியிருந்த கூடைப்பந்து வளையத்தை அப்பா கழற்றிப் போட்ட இடம். எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் அந்த நான்கு இடத்திலும் துரு வழிந்துவிடும். அம்மா சாகும்வரை அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிறகு என்னடா ஆச்சு?" என்றார் அப்பா மறுபடி.

"காபி குடிச்சிட்டு வரேன்," என்று டெல்மர் சமையலறைக்குப் போனார்.

மார்லா பின்னாலேயே போனாள். "அவர் கேக்கறார். சொல்லிடுங்களேன்."

"என்னம்மா பேசறே?"

"எனக்குத் தெரிஞ்சா நானே சொல்லிடுவேன். நான் அப்ப பிறக்கவே இல்ல. கூட இருந்து பாத்தது நீங்கதான்."

"நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஊர்ல ஒருத்தன் வாயைத் திறக்கல. பெரிய ரவுடிப் பசங்ககூட அந்தப் பேச்சு எடுத்ததில்ல. உயிர் போற நேரத்துல நான் போய் அதைச் சொல்லணுமா? வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சவா?"

"புண்ணு அவருது. அவரே கேக்கறாரு."

டெல்மர் காபியைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிட்டு அறைக்குத் திரும்பினார். கட்டிலருகே குனிந்து, கனிவாகத்தான் சொன்னார்.

"எனக்கு அது மறந்துபோச்சு வெர்லின்."

அப்பா அவரையே பார்த்தார். ஒற்றைக் கால் சிவப்புக் காலுறையை மறக்காத மனிதரைப் பார்த்தார்.

"உனக்கா?" என்றார்.

பிறகு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அன்று மாலை கால்டரில் ஆட்டம் இருந்தது. இருவரும் நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்கள். வாசலில் பனியில் அவர்கள் பூட்ஸ் சத்தம் வெகுநேரம் கேட்டது. வண்டியில் ஏறாமல் அங்கேயே நின்றிருக்க வேண்டும். மார்லா கதவைத் திறந்து கூப்பிடவில்லை. அவளுக்கு அவ்வளவு கோபம்.

அப்பாவின் வலது கை போர்வைமேல் அசைந்துகொண்டிருந்தது. சாகப்போகிறவர்கள் போர்வையை இழுப்பார்கள், பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். இது இழுப்பது இல்லை என்று மார்லாவுக்குத் தெரியும். உள்ளங்கை கவிழ்ந்து மூன்று முறை மெதுவாகத் தட்டும். நிற்கும். மணிக்கட்டு மேலே எழப் பார்க்கும், எழாது. மறுபடி மூன்று தட்டு. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது சாப்பாட்டு மேசையிலும், காரின் ஸ்டீயரிங்கிலும், அம்மாவின் சவப்பெட்டி மூடியின்மேலும் இதே கையைப் பார்த்திருக்கிறாள். கேட்டதில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதானே.

என்ன செய்வதென்று தெரியாமல் ரேடியோவைப் போட்டாள்.

எங்கள் அரங்கில் ஒரு வழக்கம். ஆட்டம் ஆரம்பித்தால் அத்தனை பேரும் எழுந்து நின்று கைதட்ட வேண்டும். நம் பையன்கள் முதல் கூடை போடும்வரை யாரும் உட்காரக் கூடாது. முட்டிவலிக்காரர்களும் நிற்பார்கள், கைக்குழந்தைக்காரியும் நிற்பாள். கூடை விழுந்ததும் எல்லோரும் சேர்ந்து தொப்பென்று உட்காருவோம். வெர்லின் மட்டும் உட்காரமாட்டார். இன்னும் கொஞ்சம் நிற்பார். பின்வரிசைக்காரர்கள் கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொள்வார்களே தவிர, உட்காருப்பா என்று ஒருவரும் சொன்னதில்லை.

ரேடியோவில் கைதட்டல் கேட்டது. நம் பையன் எறிந்தான், படவில்லை. அவர்கள் கூடை போட்டார்கள். நம் பையன் மறுபடி எறிந்தான், வளையத்தில் பட்டு வெளியே போனது. கைதட்டல் நிற்கவில்லை. அந்த அணிக்கு அன்று எதுவும் விழவில்லை. இவ்வளவு நேரம் நிற்க வைத்துக் கொல்கிறார்களே என்று வர்ணனையாளர் சிரித்தார். மழை கூரையில் பெய்வதுபோல் அந்தத் தட்டல் அறையெங்கும் நிறைந்திருந்தது.

அப்பாவின் கை ஒருமுறை தட்டியது. இரண்டாம் முறை தட்டியது.

மார்லா காத்திருந்தாள். ரேடியோவில் இன்னும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். அவள் எழுந்து அதை அணைத்தாள். பிறகு அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவள் அழுதாள், ஆனால் யாருக்கும் போன் செய்யவில்லை, வெகுநேரம்.

அடக்கத்தன்று பனித்தூறல். கல்லறைத் தோட்டத்தில் கூடாரத் துணிக்குக் கீழே வைத்தவை போதாமல் வெளியிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஊரே வந்திருந்தது. பாதிப் பேர் தலையில் கால்டர் தொப்பி. பாதிரியார் வெர்லினின் பொறுமையைப் பற்றியும் அவர் பழுதுபார்த்துக் கொடுத்த தேவாலயக் கொதிகலனைப் பற்றியும் பேசினார். எழுபத்தெட்டைப் பற்றியும் இரண்டு வாக்கியம் சொன்னார். அரையிறுதியில் நிறுத்திக்கொண்டார். மார்லா பல்லைக் கடித்துக்கொண்டாள். புதைக்கிற இடத்திலுமா?

ஜெபம் முடிந்தது. தேவாலயத்தில் பன்றித்தொடை வறுவலும் பெர்சிமன் பழப் புட்டிங்கும் காத்திருந்தன. ஜனங்கள் கார்களை நோக்கி நடக்க ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் டெல்மர் இரண்டு கையாலும் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சரி..."

"பிறகு?" என்றாள் மார்லா.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் கேட்டாள். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. டெல்மர் பாதி எழுந்தபடி நின்றுவிட்டார்.

"பிறகு என்ன ஆச்சு? அவர் கேட்டாரே. இப்பவாவது சொல்லுங்க."

"மார்லா, இங்க வேணாம்மா..."

"ஒரு பாயின்ட் கம்மி," என்றார் ஹோபர்ட்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அடுத்தவர் சொல்வதைத் திருத்துவதைத் தவிர அந்த மனிதர் தானாக ஒரு கதையை ஆரம்பித்து யாரும் கேட்டதில்லை. அவர் தொப்பியைக் கழற்றினார். சவப்பெட்டியைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஒரு பாயின்ட் கம்மியா இருந்தோம் வெர்லின். கடியாரத்துல ஒண்ணுமே மிச்சமில்ல. உன்னைத் தள்ளிவிட்டாங்க. யாரும் தடுக்காம எறிய ரெண்டு ஃப்ரீ த்ரோ குடுத்தாங்க. நீ போய்க் கோட்டுல நின்னே. மூணு தடவை பந்தைத் தட்டினே."

கார்களருகே கதவுகள் சாத்துகிற சத்தம் நின்றுபோனது.

"மொதப் பந்து வளையத்து முன்னால பட்டுத் திரும்பி வந்துச்சு."

"பின்னால," என்றார் டெல்மர். குரல் உடைந்திருந்தது. "முன்னால பட்டது ரெண்டாவது. மொதப் பந்து பின்னால பட்டு எகிறிச்சு. ரெண்டாவதை நீ கொஞ்சம் அடக்கிப் போட்டே. கையை விட்டப்பவே உனக்குத் தெரிஞ்சுடுச்சு."

"ஆமா. ரெண்டாவதுதான் முன்னால."

"அவ்வளவுதான். தோத்துட்டோம்."

மார்லா மூச்சை விட்டாள். அவ்வளவுதானா? இதற்காகவா ஒரு ஊர் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தது? ஆனால் டெல்மர் நகரவில்லை. தொப்பியைப் பிசைந்துகொண்டே நின்றார்.

"அது இல்ல விஷயம்," என்றார். "நாங்க நின்னுக்கிட்டு இருந்தோம்மா. வண்டி வண்டியா போயிருந்தோமே, நம்ம பக்கம் பூரா நின்னு கைதட்டிக்கிட்டு இருந்தோம். ரெண்டாவது பந்து வெளிய விழுந்தப்ப..." அவர் ஹோபர்ட்டைப் பார்த்தார். ஹோபர்ட் தலையைக் குனிந்துகொண்டார். "உக்காந்துட்டோம். அத்தனை பேரும். யாரும் சொல்லல, அப்படியே உக்காந்துட்டோம். உங்கப்பா கோட்டுலயே நின்னான். திரும்பி எங்களைப் பாத்தான். சின்னப் பையன். ஒருத்தராவது நிக்கறாங்களான்னு பாத்தான். நாங்க குளிர்கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டு வண்டிக்குப் போயிட்டோம். அவன் மனசு நோகக் கூடாதுன்னு நாங்க பேசாம இருந்ததா ஊர்ல சொல்லிப்பாங்க. அந்தக் கதையைச் சொன்னா அவன் எங்க முகத்தைப் பாப்பான்ல? அதான். அவனுக்காக ஒண்ணும் இல்ல."

கூடாரத் துணி காற்றில் படபடத்தது. வயதான பெண் ஒருத்தி அழுகிற சத்தம் பின்னால் கேட்டது. அவளும் கான்சாஸ் சிட்டிக்குப் போனவளாக இருக்கலாம்.

மார்லாவுக்கு அவர்களை மன்னிக்கத் தோன்றவில்லை. அன்று மாலை வாசலில் வெகுநேரம் நின்ற பூட்ஸ் சத்தம் நினைவுக்கு வந்தது. உள்ளே வர பத்தடிகூட இல்லை. அவள் குனிந்து சவப்பெட்டியின் மூடியில் உள்ளங்கையை வைத்தாள். மரம் சில்லென்றிருந்தது. மூன்று முறை தட்டினாள்.

தோட்டத்து ஆள் ஓரமாக வந்து, இறக்கலாமா என்று கண்ணால் கேட்டான். அவள் தலையசைத்தாள். பட்டைகள் மெல்ல நெகிழ, பெட்டி கீழே போகத் தொடங்கியது.

"நேரமாகும்மா," என்றான் அவன், டெல்மரைப் பார்த்து. "பெரியவங்களை உக்காரச் சொல்லுங்க."

மார்லா திரும்பிப் பார்த்தாள். கார்வரை போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்து நின்றிருந்தார்கள். டெல்மர் ஒரு கையால் ஹோபர்ட்டின் தோளைப் பற்றிக்கொண்டிருந்தார். வரிசை வரிசையாக நாற்காலிகள் காலியாக இருந்தன. கூடாரத்துக்கு வெளியே கிடந்தவற்றின்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.