சார்டின் பர்கர்

கையுறைத் தொழிற்சாலையை மூடியபோது மலேசியாவின் ஜெராண்டூட் ஊர் ஆண்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்குப் பேருந்து ஏறினார்கள். ருஸ்தி ஏறவில்லை. பழைய தள்ளுவண்டி ஒன்றை வாங்கி, பச்சை வண்ணம் அடித்து, பெட்ரோல் நிலையத்தை அடுத்த மரத்தடியில் நிறுத்தினான்.

"நோன்பு மாசம் வரைக்கும் பொறு," என்று மனைவி சல்மியாவிடம் சொன்னான். "கடை காலூன்றிட்டா இங்கயே இருந்துடலாம். இல்லன்னா சிங்கப்பூர்ல உங்க அண்ணன் சொன்ன கிடங்கு வேலைக்குப் போயிடறேன்."

சல்மியா தலையசைத்தாள். அவளுக்கும் அவன் போவதில் விருப்பமில்லை. போனவர்கள் மாதத்துக்கு ஒருமுறை வந்து, தூங்கிவிட்டுத் திரும்புவதை அவள் பார்த்திருக்கிறாள்.

ஊரில் பர்கர் கடைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லாரும் ஒரே மாட்டிறைச்சி வட்டுகளைத்தான் கல்லில் போட்டார்கள். ருஸ்தியிடம் இருந்தது வேறு. அவன் சிறுவனாக இருந்தபோது மரலாரியில் எடுபிடியாக இருந்த அப்பாவால் ஆறு பிள்ளைகளுக்குக் கடை பர்கர் வாங்கித்தர முடியாது. பிள்ளைகள் நச்சரித்தபோது அம்மா சார்டின் டின்னைத் திறந்து, மீனை வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பிசைந்தாள். முட்டையைக் காகிதம்போல் மெல்லிசாகச் சட்டியில் பரப்பி, நடுவில் மீனை வைத்து, நாலு பக்கமும் மடித்து, இரண்டு ரொட்டித் துண்டுக்குள் செருகினாள். "இதான்டா பர்கர். டவுன்காரன் பண்றது இதுக்குத் தம்பி," என்றாள். அவள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகியும் அந்த ருசி அவன் நாக்கைவிட்டுப் போகவில்லை. வண்டியின் நெற்றியில் 'அம்மாவின் கைப்பக்குவம்' என்று எழுதிவைத்தான்.

பக்கத்தில் வாழைப்பழம் பொரித்து விற்கும் பிடா அக்கா முதல் நாளே வாயைத் திறந்தாள்.

"மீனையா பன்னுக்குள்ள வெக்கப் போற? ஊர்ப் பூனையெல்லாம் வரிசைல நிக்கும் பாரு."

"பூனை காசு குடுத்தா அதுக்கும் போடுவேன்க்கா."

ஒன்றைத் தின்று பார்த்த பிடா அக்கா அப்புறம் கேலி செய்யவில்லை. மறுநாள் ஒரு தட்டுப் பழப்பொரியலைக் கொண்டுவந்து வைத்து, "மாத்திக்கலாமா?" என்றாள். அன்றிலிருந்து அது வழக்கமானது.

மோட்டார் சைக்கிள்கள் நிற்கத் தொடங்கின. நின்றபடியே தின்றவர்கள் இன்னொன்று கேட்டார்கள். பிறகு வீட்டுக்கு வாங்கினார்கள்.

"மாமியாருக்கு ஒண்ணு கட்டு தம்பி. காரம் நல்லா தூக்கலா. கொஞ்ச நேரமாவது வாய் மூடியிருக்கட்டும்."

பொட்டலங்கள் வண்டிக் கைப்பிடிகளில் ஆடிக்கொண்டே போவதை ருஸ்தி பார்த்துக்கொண்டிருப்பான். அம்மாவின் கை ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போகிறது என்று நினைத்துக்கொள்வான்.

பிறகு கூட்டம் வடிந்தது. சண்டையில்லை, புகாரில்லை. தினமும் வந்தவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாளில் கையசைப்பதும் நின்று, சாலையையே பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருநாள் சாயங்காலம் முழுக்க ஒரு பன்கூடப் போகவில்லை. அவன் கல்லைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

பிடா அக்கா எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே பேசினாள்.

"தம்பி, கோச்சுக்காத. ஊர்ல ஒரு பேச்சு."

"சொல்லுங்கக்கா."

"இங்க நின்னு தின்னா அப்படி ருசியாம். வீட்டுக்குக் கொண்டுபோனா வாயில வெக்க முடியலியாம். நாறுதாம்."

அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. அந்த ஊரில் அதன் அர்த்தம் குழந்தைக்கும் தெரியும். வியாபாரத்துக்கு வசியம் வைத்த கடையில் சாப்பாடு கடையில் மட்டும்தான் ருசிக்கும். எல்லை தாண்டினால் வசியம் கழன்றுவிடும். அவனுடைய அம்மாவே ஒரு மீ நூடுல்ஸ் கடையை அப்படித்தான் விலக்கிவைத்திருந்தாள். அந்த வழியாகப் போகும்போது பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடப்பாள்.

"மீனு ஆறினா நாறத்தானே செய்யும்க்கா! சூட்டோட தின்னணும். அவ்வளவுதான்."

"அதத்தான்டா அவங்களும் சொல்றாங்க. சூடா, இங்கயே, உன் முன்னாடியே தின்னாத்தான் ருசின்னு."

அம்மா செய்த பர்கரை அவன் ஒருநாளும் ஆறித் தின்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆறு பிள்ளைகள் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். ஆறும்வரை எதுவும் மிஞ்சியதில்லை. ஆறினால் என்ன ஆகும் என்று கடை போடும்போது அவன் யோசிக்கவேயில்லை.

"எல்லார மாதிரி மாட்டுக்கறிக்கு மாறிடேன்," என்றாள் பிடா அக்கா.

"மாறினா, மாட்டிக்கிட்டான், அதான் மாத்திட்டான்னு சொல்வாங்க."

"அதுவும் சரிதான். உங்கம்மாகிட்ட கத்துக்கிட்டதுன்னு நீயே வேற எழுதி வெச்சிருக்க. அந்தம்மாவுக்கு இதெல்லாம் தெரியுமாம்னு இப்பப் புதுசா ஒரு கதை."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நீங்க நம்புறீங்களா?"

"நான் ஏன் நம்பப் போறேன்?" என்றாள் அவள், சட்டியிடம்.

பழப்பொரியல் தட்டு வந்து எத்தனை நாளாகிறது என்று அவன் யோசித்தான். நினைவில்லை.

மறுநாள் நாலு பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டான். அட்டை ஒன்றில் கொட்டை எழுத்தில் எழுதித் தொங்கவிட்டான்: 'இங்கேயே சூடாகச் சாப்பிடுங்கள். தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம்.' எழுதும்போது அது உண்மையாகத்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினான்.

மோட்டார் சைக்கிள் ஒன்று வேகம் குறைந்தது. ஓட்டியவன் அட்டையைச் சத்தமாகப் படித்தான். பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி அவன் தோளைக் கிள்ளினாள்.

"அவனே எழுதிப் போட்டிருக்கான் பாருங்க. எடுங்க வண்டிய!"

அதற்கப்புறம் வந்தவர்கள் வாங்க வரவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம் நின்று, கைபேசியில் அட்டையைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். ருஸ்தி அட்டையைக் கழற்றினான். கழற்றியதையும் ஒருவன் படமெடுத்தான்.

தையல் கடை வேலை முடிந்து சல்மியா நேராகக் கடைக்கு வந்தாள். நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, தலைத்துணியின் ஓரத்தைச் சரிசெய்தாள். மறுபடியும் சரிசெய்தாள். தையல் கடையில் எல்லாரும் என்ன பேசியிருப்பார்கள் என்று அவன் கேட்கவில்லை. பெட்ரோல் நிலைய விளக்குகள் எரியத் தொடங்கின.

"சாப்பிடறியா?" என்றான்.

"ம்."

மார்ஜரின் கல்லில் உருகியது. முட்டையைப் பரப்பினான். மீனை வைத்து நாலு பக்கமும் மடித்தான். அன்றைக்கு முட்டை எங்கும் கிழியவில்லை. பன்னில் வைத்து, ஆவி பறக்க, காகிதத்தோடு அவளிடம் நீட்டினான். வீட்டில் எத்தனையோ தடவை அவன் சட்டியிலிருந்து எடுத்துத் தர, அவள் வாய் சுடச்சுடத் தின்றிருக்கிறாள்.

சல்மியா கையில் வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். மாமியாரை அவள் கண்ணால் கண்டதில்லை. இவன் சொல்லக் கேட்டதுதான்.

"கட்டிக் குடுங்க," என்றாள். "வீட்ல போய் சாப்பிடறேன்."

"ஆறிடும் சல்மியா."

"பரவால்ல."

அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. எந்த வாடிக்கையாளருக்கும் கட்டுவதுபோலக் காகிதத்தை மடித்து, ரப்பர் வளையம் போட்டு, பையில் வைத்துக் கொடுத்தான். அவள் ஸ்கூட்டரின் கொக்கியில் பையை மாட்டினாள். வண்டியைக் கிளப்பினாள், ஆனால் உடனே நகரவில்லை.

"உங்க அண்ணனுக்கு போன் பண்ணி, வரேன்னு சொல்லிடு," என்றான் ருஸ்தி.

"சரி," என்றாள். ஏன் என்று கேட்கவில்லை.