ஒரே தாளில் அறுபத்துமூன்று வீடு

கண்டி நகரத்துச் சுற்றாடலில் எதை முதலில் திருத்த வேண்டும் என்று சொல்வதற்கு எண்பத்தாறில் ஓர் ஆலோசனைச் சபை அமைத்தார்கள். முதற் கூட்டத்தில் அடிதடி நடக்காத குறைதான். வாவி நாறுகிறது என்றார் ஒருவர், காகத் தொல்லை என்றார் இன்னொருவர். தமிழர் வீடுகளை எரித்த எண்பத்துமூன்றுக் கலவரம் முடிந்து மூன்று வருசமும் சரியாகக் கழியவில்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பேச்சு வரும். ஆகவே தலைவர் ஹாஷிம் ஹாஜியார் ஒரு விதி செய்தார். மக்கள் கடிதம் எழுதட்டும், எதற்குக் கூடுதல் கடிதமோ அதுவே முதல் வேலை. கள்ளக் கடிதம் என்று யாரும் சொல்லிவிடாதபடி, பெயரும் விலாசமும் உள்ள கடிதங்களை விறாந்தைப் பலகையில் குத்திவைக்க வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அது யாருடைய தலையில் விழும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

குத்துகிற வேலை சபையின் எழுதுவினைஞர் பாலாம்பிகையுடையது. வாவிக்கு நாற்பத்திரண்டு கடிதங்கள் வந்திருந்தன. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒன்றே ஒன்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே ஓடையோரம் ஏதோவொரு ஹோட்டல் லொறி கழிவைக் கொட்டுகிறது, அந்த ஓடையிலிருந்து விழும் பீலித் தண்ணீர் குடித்த இரண்டு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று எழுதி, அறுபத்துமூன்று குடும்பங்கள் கையெழுத்தும் பெருவிரல் அடையாளமும் வைத்திருந்தன. யார் முதலில் வைத்தது என்று தெரியாதபடி வட்டமாக வைத்திருந்தார்கள்.

"அறுபத்துமூண்டு வீடு, ஹாஜியார்," என்றாள் பாலாம்பிகை.

"கடிதம் ஒண்டுதானே, தங்கச்சி? இண்டைக்கு இதுக்கு வளைஞ்சா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க."

ஹாஜியார் கெட்டவரல்லர், பயந்தவர்.

கடிதம் கொண்டுவந்த தோட்டத்துச் சங்கத் தலைவர் வீரய்யாவிடம் அவள் அதைச் சொன்னபோது மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தோட்டத்துல எது எழுதினாலும் ஒரே தாள்லதான் எழுதுவோம், மிஸ். கூட்டத்தோட கூட்டமா இருந்தா ஒருத்தன மட்டும் புடிக்க மாட்டாங்க. தனித்தனியா பேரப் போட்டுப் பலகையில மாட்டுனா, லயத்த எரிச்சவங்களும் வந்து படிப்பாங்களே."

பாலாம்பிகைக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. எண்பத்துமூன்றில் அவள் வீட்டுக்கு வந்தவர்களின் கையில் பட்டியல் இருந்தது. இலக்கத்தை வாசித்துச் சரிபார்த்துவிட்டுத்தான் படலையைத் தள்ளினார்கள். அன்றிலிருந்து அவள் எங்கே குடியிருக்கிறாள் என்பது அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. யாரும் கேட்டால், "பேராதனைப் பக்கம்" என்று மழுப்பிவிடுவாள்.

ஆனால் அந்த இரண்டு பிள்ளைகள் அவளை விடவில்லை. மக்களில் எவரும் எழுதலாம் என்றுதானே விதி. பின்னேரம் எல்லாரும் போனபின் ஒரு தாளை எடுத்து, ஹந்தானைப் பீலியைப் பற்றி எழுதினாள். கீழே பெயர். பெயருக்குக் கீழே வீட்டிலக்கம், வீதி, எல்லாம். தானே கொண்டுபோய்ப் பலகையில் குத்தினாள்.

மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பலகை முன்னால் யார் நின்றாலும் எழுந்துபோய் எட்டிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னால் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். நாற்பத்திரண்டுக்கு எதிராக இரண்டு. இருந்து என்ன, போய் என்ன? தன் கடிதத்தைக் கழற்றிவிடலாம் என்று ஊசியில் விரலை வைத்தாள்.

"மிஸ்."

பின்னால் வீரய்யா, கையில் ஒரு கட்டுத் தாளுடன்.

"புதன்கெழம வந்தப்ப ஒங்க பேரப் பாத்தேன். வீட்டு நம்பரக்கூட போட்டிருக்கீங்க. லயத்துல போய்ச் சொன்னேன். அந்த மிஸ்ஸே தனியா நிக்கிறாங்க, நமக்கு என்னா வந்துச்சுன்னு பொம்பளைங்கதான் மொதல்ல கேட்டாங்க. நாப்பத்தாறு இருக்கு. பதினேழு வீட்டுக்கு இன்னும் பயம் போகல. அவங்கள வற்புறுத்தல."

பாலாம்பிகைக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. விரல் இன்னும் ஊசியில்தான் இருந்தது.

வீரய்யா அதைப் பார்த்தார். "கழண்டிருச்சுங்களா, மிஸ்?"

"ஓம், கொஞ்சம் கழண்டிட்டுது," என்றவள், ஊசியை இறுக அழுத்திக் குத்தினாள்.

பிறகு மேசை லாச்சியிலிருந்து ஊசிப் பெட்டியை எடுத்துவந்து, கையை நீட்டினாள்.

"ஒவ்வொண்டாத் தாங்கோ, வீரய்யா."