குமரவேலின் கண்ணாடி ஜன்னல்

குமரவேலுக்குத் தறிச் சத்தம் ஆகவில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கி, அது போட்ட சோற்றைத் தின்று, அது கட்டிய ஃபீஸில் பட்டமும் வாங்கியவன். சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று ஆனதும் திடீரென்று அவன் காது பூப்போல ஆகிவிட்டது. திருத்தணியிலிருந்து பொதட்டூர்பேட்டை போகிற சாலையை ஒட்டின வீடு. பின்கொட்டகையில் அவன் அப்பா துளசிங்கத்தின் விசைத்தறிகள்.

“மீட்டிங்ல கேக்குறாங்க, உங்க வீட்டாண்ட ரயில் போவுதான்னு. மானம் போவுது” என்றான் மனைவியிடம்.

“தறி ஓடுதுன்னு சொல்றதுதானே? அதுல இன்னா மானம் போவுது?” என்றாள் யோகலட்சுமி. அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண் அவள். தறி நின்றால்தான் அவளுக்குத் தூக்கம் கலையும்.

“உனக்கு இன்னா தெரியும்” என்று முடித்துக்கொண்டான். எதற்கும் அவனிடம் இருந்த பதில் அது ஒன்றுதான்.

அரக்கோணத்திலிருந்து கண்ணாடி வேலை செய்கிற எல்லப்பனை வரவழைத்தான். பழைய தேக்குச் சட்டம் திடமாக இருந்தது. அதனால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, அவன் அறை ஜன்னல் கதவுகளில் இருந்த ஒற்றைக் கண்ணாடியைக் கழற்றி, நடுவில் இடைவெளி விட்டு ஒட்டிய இரட்டைக் கண்ணாடியைப் பொருத்தினார்கள். எல்லப்பன் கண்ணாடி உட்காரும் காடியை ஆழமாக்கி, ரப்பர் வைத்து, கனம் தாங்கப் புதுக் கீல் போட்டான். குமரவேல் இடுப்பில் கை வைத்து நின்று, போனில் பார்த்ததை எல்லாம் அவனுக்குப் பாடம் நடத்தினான்.

ஜன்னலை மூடியதும் சத்தம் எங்கோ அடுத்த தெருவில் மாவு இடிக்கிற மாதிரி சுருங்கிப்போனது.

“பாத்தியா நைனா? ஃபாரின்ல எல்லாம் இப்படித்தான்.”

துளசிங்கம் தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டியபடி, “நல்லா கீதுப்பா” என்றுவிட்டுக் கொட்டகைக்குப் போனார்.

ஒன்றை மட்டும் அந்தப் படித்த மண்டை யோசிக்கவில்லை. அந்த ஜன்னல் வழியாக வீடு முழுக்க வந்த தறிச் சத்தம்தான் இத்தனை நாளும் அவன் பேச்சை மூடி வைத்திருந்தது. இப்போது அறைக்குள் அவன் பேசுவது கூடத்தில் கணீரென்று கேட்டது.

“சாரி சார். நீங்க சொன்னா சரிதான் சார். நான் முட்டாள் சார்.”

அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த யோகலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. என் முன்னால் இருபது பேர் கைகட்டி நிற்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்த ஆள். ஆனாலும் பிழைப்புக்காகக் குனிகிறவனை அவள் கேவலமாக நினைப்பவள் இல்லை. நூல் முதலாளி முன்னால் அவள் அப்பாவும் குனிந்தவர்தான்.

அடுத்த வாரம் கேட்டது வேறு.

“மோனிகாதான் சார். வேணாம்னு சொல்லியும் பழைய ஃபைலை அனுப்பிட்டா.” சற்று நேரம் கழித்து இன்னொருவனிடம் சிரித்துக்கொண்டே, “நான்தான்டா அனுப்பினேன். அவ புதுசு. வாயைத் தொறக்க மாட்டா.”

மோனிகாவை யோகலட்சுமிக்குத் தெரியும். ஆபீஸ் ஆட்கள் திருத்தணி மலைக்குச் சாமி கும்பிட வந்தபோது இந்த வீட்டில்தான் சாப்பிட்டார்கள். மற்றவர்கள் கை கழுவிக்கொண்டு போக, அந்தப் பெண் எல்லோருடைய தட்டையும் எடுத்து வைத்து, “அக்கா, நம்பர் குடுங்க” என்று வாங்கிக்கொண்டு போனது.

இரண்டொரு நாளில் அந்த நம்பருக்கு போன் வந்தது.

“அக்கா, சார் என் போனை எடுக்க மாட்டேங்கிறாரு. என்னை வேலைய விட்டுத் தூக்கப்போறாங்க. நான் அனுப்பலைன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த குமரவேல் பெயரைக் கேட்டதும், பேசாதே என்று கையாட்டினான். சோற்றுப் பருக்கைகள் தரையில் சிந்தின. அவனைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

“அவர் சொல்ல மாட்டார்ம்மா. அந்த ஃபைலை அனுப்பினதே அவர்தான். என் காதால கேட்டேன். யார் பேர்ல போச்சுன்னு உங்க பெரிய சாரையே பாக்கச் சொல்லு.”

போனை வைத்தாள். அவன் முகத்தில் வெட்கம் வரும் என்று ஒரு கணம் எதிர்பார்த்தாள். அவன் எச்சில் கையோடு எழுந்துபோய், அறைக் கதவு எவ்வளவு கனம் என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சே, இந்தக் கதவுக்கும் அப்பவே ஏதாச்சும் செஞ்சிருக்கணும்” என்றான்.

மோனிகாவின் வேலை தப்பியது. குமரவேலைப் பதவியில் கீழே இறக்கிவிட்டார்கள். அந்த மோனிகாவே இப்போது அவனுக்கு மேலே. வேலைப்பளு தாங்காமல் தானே கேட்டு இறங்கிக்கொண்டதாக அவன் தெருவில் சொல்லிவருகிறான். யோகலட்சுமி காதில் அது விழும்போதெல்லாம், தான் மறுத்துப் பேசும் அளவுக்குக்கூட அவன் லாயக்கில்லை என்று தோன்றும். கூடையை எடுத்துக்கொண்டு மாமனாருக்கு நூல் சுற்றப் போய்விடுவாள்.