நீள பிட்டும் எலியுத்தும்

முன்பு ஸ்கூல் பஸ் ஓட்டிய ஒப்தூலியா தன் வண்டியிலிருந்து ஒரு கட்டையை இறக்கியபோதே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு எங்கள் வீட்டில் சண்டை நிச்சயம் என்று.

"இது என்ன?" என்றான் என் கணவன் எலியுத்.

"கண்ணு தெரியலையா? மரம். புயல்ல என் ஸ்கூல் பஸ் மேல விழுந்துச்சே, அதுதான். இத்தன வருஷம் நெழல்ல போட்டுக் காயவெச்சேன். பஸ்ஸக் கொன்னதுக்குத் தண்டனையா இனிமே அது பாடணும். கிறிஸ்துமஸுக்குள்ள ஒரு குவாத்ரோ செஞ்சு குடு."

"நான் இப்ப குடையுறதில்லீங்க. ரிப்பேர் மட்டும்தான். மொரோவிஸ்ல ஆளு இருக்கான், போய்ப் பாருங்க."

"மொரோவிஸ்காரன் செஞ்சத நான் நம்ம ஊத்துவாடோவுல வாசிக்கணுமா? அதுக்கு பஸ்ஸோட நானும் போயிருக்கலாம்."

"வெச்சுட்டுப் போங்க, செஞ்சு தர்றோம்" என்று சொல்லிவிட்டேன். எலியுத் என்னை எரிப்பதுபோல் பார்த்தான்.

அவள் வண்டி மலைச்சரிவில் திரும்பும் வரைதான் பொறுத்தான். "யாருடி குடைவா? நீயா?"

"ஆமா, நான்தான்!"

கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அதுவரை ஒரு கட்டையைக்கூட நான் குடைந்ததில்லை.

குவாத்ரோ எங்கள் மலைக்காரர்களின் தந்தி வாத்தியம், கிதார் மாதிரி. அதன் உடம்பும் கழுத்தும் ஒரே கட்டை. வயிற்றுப் பகுதியை ரூட்டர் மெஷினால் குடைந்தெடுத்து, சுற்றிலும் மெல்லிய சுவரை மட்டும் விட வேண்டும். மெஷினில் சுழலும் வெட்டுக்கத்திதான் பிட். அது ஓரிடத்தில் வழுக்கினால் கழுத்தைத் தனியாகக் கழற்றிக் காப்பாற்ற முடியாது. மொத்தமும் விறகுதான். எங்கள் பட்டறையில் குடைவது எலியுத். தேய்ப்பது, மெருகேற்றுவது, தந்தி கட்டுவது நான். போன வருஷம் மெஷின் துள்ளி அவன் இடது கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டுபோய்விட்டது. அன்றைக்கு மெஷின்மேல் ஒரு பழைய சட்டையைப் போர்த்தினான். அப்புறம் அந்தப் பக்கமே போகவில்லை.

ரிப்பேரை நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? கடல் தாண்டி ஓர்லாண்டோவில் இருக்கும் அவன் தம்பி, அங்கே ஒரு கிடங்கில் வேலை இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று ஞாயிறுதோறும் போனில் நச்சரித்தான். எலியுத்தும் "பாக்கலாம், பாக்கலாம்" என்பதிலிருந்து "ஜனவரில போயிடலாம்" என்பதற்கு வந்துவிட்டான். எனக்குப் போக இஷ்டமில்லை. இந்தப் பட்டறையை விட்டுவிட்டு, யாரோ வாங்கிய மிக்சியைப் பெட்டியில் போட்டு ஒட்டிக்கொண்டிருக்க நான் பிறக்கவில்லை.

மறுநாள் காலையில் கரண்ட் இருந்தது. அதைவிட நல்ல சகுனம் எங்கள் மலையில் கிடையாது. காபியைக் குடித்துவிட்டு, மெஷின்மேல் கிடந்த சட்டையை எடுத்துவிட்டு, பிட் பெட்டியைத் திறந்தேன்.

எல்லாம் நேர் பிட்டுகள். ஒன்றின் கால் குட்டை, இன்னொன்று பருமன், ஒன்றிரண்டின் கழுத்தில் மோதிரம் மாதிரி பேரிங் மாட்டியிருந்தது. எல்லாவற்றிலும் நீளமானதைத்தான் எடுத்தேன். எங்கள் ஊரில் குவாத்ரோ செய்கிற எல்லோரும் அதைத்தான் எடுப்பார்கள். வயிறு ஆழமாயிற்றே, ஒரே பிட்டால் மேலிருந்து அடிவரை இறக்கினால்தான் ஆம்பளை என்று ஒரு வீம்பு. நான் பொம்பளை, எனக்கும் அதே புத்திதான் இருந்தது. பிட் ரொம்ப வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், மெஷின் வாய்க்குள் போகிறவரை அழுத்திச் செருகி, சாவியால் முறுக்கினேன். கட்டையின்மேல், வயிற்றின் வடிவம் வெட்டிய அச்சுப்பலகையைப் பொருத்தி, கண்ணாடி மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

மரத்தில் தொட்டதும் கீச்சென்று ஒரு கத்தல். மெஷின் கைக்குள் துள்ளியது.

"நிறுத்து! நெரெய்தா, நிறுத்துடி!"

நிறுத்தினேன். வாசலில் எலியுத் பல் துலக்கும் பிரஷோடு நின்றிருந்தான். வாயெல்லாம் நுரை.

"அடிவரைக்கும் செருகினியா?"

"இறுக்கமா நிக்கட்டும்னுதான்."

"அடில போய் முட்டிக்கிட்டா சாவி என்னதான் முறுக்கினாலும் அது பிடிக்காது. சுத்தச் சுத்த நழுவிக் கீழ எறங்கும். நீ கொஞ்சமா வெட்டுறோம்னு நினைப்ப, அது ஆழமாப் போய்க் கடிச்சு மெஷினையே தூக்கி அடிக்கும்." நுரையைத் துடைத்துக்கொண்டான். "அன்னைக்கு நான் செஞ்சதும் இதேதான்."

"மெஷின் பழசு, அதான்னு சொன்ன?"

"சொன்னேன். ஊரெல்லாம் கேட்டாங்க. வேற என்னத்தச் சொல்ல?"

ஒரு வருஷமாக அந்த மெஷினைச் சபித்துக்கொண்டிருந்தவள் நான். அவன்மேல் அப்படிக் கோபம் வந்தது, அதே நொடியில் பாவமாகவும் இருந்தது.

"சரி, வா. நீயே பிடி" என்றேன்.

வந்தான். கைப்பிடியில் கை வைத்தான். சுவிட்சைத் தொடுமுன்பே எடுத்துவிட்டான்.

"பயமா இருக்கு, நெரெய்தா. முடியல."

இருபது வருஷத்தில் அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. அழுதுவிடுவேன் போலிருந்தது. "அப்ப வாயாவது ஆடுதுல்ல? சொல்லு, நான் பிடிக்கிறேன்" என்றேன்.

அவன் பேரிங் மாட்டிய குட்டைப் பிட்டை எடுத்துக் கொடுத்தான். அடிவரை செருகி, ஒரு அரிசி நீளம் மேலே இழுத்து, அப்புறம் முறுக்கச் சொன்னான். முதலில் கட்டை நடுவில் துளைகளாகப் போட்டு மரத்தைக் குறைத்தோம். பிறகு பேரிங் அச்சுப்பலகையை உரசிக்கொண்டு ஓட, கடிகார முள் போகிற பக்கமாகவே சுற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு நூல் ஆழம்தான்.

"மெதுவாப் போகாத, கருகுது, மோந்து பாரு."

"வேகமாப் போனா வேகமாப் போறங்குற!"

"நடுவுலன்னு ஒண்ணு இருக்குல்ல?"

கொஞ்சம் ஆழம் வந்ததும் பலகையைக் கழற்றச் சொன்னான். நான் வெட்டிய சுவரே இப்போது பேரிங்குக்கு வழிகாட்டியது. எனக்குக் குஷியாகிவிட்டது. அடிப்பகுதிக்குப் போகும்போதுதான் நீள பிட்டைத் தந்தான். அதற்குள் மேலே வெட்ட ஒன்றும் மிச்சமில்லை. அதன் நுனிக்கு மட்டும்தான் வேலை. கத்தவில்லை, வெண்ணெயில் போவதுபோல் போனது.

தேய்க்க நான் குனிந்தபோது உப்புத்தாளை அவன் பிடுங்கிக்கொண்டான். "இதுக்கு மூணு விரல் போதும்." மேல்பலகையை ஒட்டுமுன் உள்ளே பென்சிலால் பெயர் எழுதுவது வழக்கம். எப்போதும் எலியுத் என்று ஒரே பெயர்தான். இந்த முறை என் பெயரை எழுதினான். எழுத்துத்தான் கோணல்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒப்தூலியா வந்தாள். பச்சைத் துவரைச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு குவாத்ரோவை மடியில் சாய்த்து ஒரு மீட்டு மீட்டினாள். தெருவில் போன ஒருவர் நின்று கேட்டார்.

"மரம் திருந்திடுச்சு" என்றாள். "என் தம்பிக்கும் ஒண்ணு வேணும், எலியுத். குடைஞ்சு தருவியா, இல்ல மறுபடியும் மொரோவிஸ் கதையா?"

நான் கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். ஓர்லாண்டோ போக அவன் சொன்ன ஜனவரி பக்கத்தில் இருந்தது.

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க?" என்றான் எலியுத், தெருவில் நின்றவருக்கும் கேட்கிற மாதிரி. "குடையுறவ அவ. நான் தேய்க்கிறவன். அவகிட்ட நாள் கேளுங்க."

ஜனவரியிலேயே கட்டையைக் கொண்டுவரச் சொன்னேன்.